வராதவர் தலையில்

— அந்தப் பெட்டிய மட்டும் தூக்காதீங்க டீன். அடி பிஞ்சிருக்கு. தூக்கினா அத்தனையும் உங்க கால்லதான் கொட்டும்.

— ஒரு கை குடுக்கலாமேன்னுதான் லூசிண்டா. ஆறு வருஷம் இருந்த ரூம். தனி ஆளா எல்லாத்தையும் கட்டி முடிச்சிட்டீங்களே!

— பால் பண்ணையில பொறந்து வளந்தவ நான். கன்னுக்குட்டியவே தோள்ல போட்டுத் தூக்கியிருக்கேன். இதெல்லாம் ஒரு சுமையா? சரி, நான் கிளம்பறேன். அந்தக் கோடி ரூம்ல மீட்டிங் ஆரம்பிச்சிருக்கும். வெளிநாட்டு மொழித் துறைக்கு அடுத்த தலைவர் யாருன்னு இன்னிக்கு முடிவாகணும்.

— அஞ்சு நிமிஷம் உக்காருங்க.

— பழைய தலைவி இல்லாம தேர்தல் நடந்தா நல்லாவா இருக்கும்?

— தேர்தல நடத்தப் போறது நீங்க இல்லையே. ஸ்பானிஷ் எடுக்கிற இர்மாதானே சீனியர், அவங்கதானே நடத்துறாங்க? நீங்க பேரும் குடுக்க முடியாது. அப்புறம் என்ன அவசரம்? உக்காருங்க. வெளிப்படையா பேசுவோம்.

— நீங்க ‘வெளிப்படையா’ன்னு ஆரம்பிச்சாலே நான் என் பர்ஸப் பத்திரப்படுத்திக்குவேன், டீன் அவர்களே.

— டெரிக்னு கூப்பிடுங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்? நம்ம காலேஜ்ல எல்லாரும் பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்க.

— பேர் சொல்லிக் கூப்பிட்டா எனக்குச் சண்ட போட வரமாட்டேங்குது. அதான்.

— இன்னிக்குச் சண்ட வேணாம். அடுத்த செமஸ்டர் டைம் டேபிள் கொண்டு வந்திருக்கேன். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.

— குடுங்க பாப்போம். ஸ்பானிஷ்... ஸ்பானிஷ்... ஸ்பானிஷ். ஜப்பான் மொழி ஒண்ணு. பிரெஞ்சு ஒண்ணு. கார்டனோட ஜெர்மன், ம்... அது பத்திரமா இருக்கு. ஹ்மாங் எங்க?

— அதப் பத்திதான் பேசலாம்னு.

— பேசறதுக்கு முன்னாடியே வெட்டிட்டு வந்திருக்கீங்களே! மலைநாட்டுலேருந்து அகதியா வந்து இந்த ஊர்ல குடியேறின ஜனங்களோட பாஷை அது.

— ஹ்மாங் வகுப்புல பதினாலு பேர்தான் லூசிண்டா.

— ஜெர்மன்ல ஒம்பது பேர்.

— ஜெர்மன் வேற.

— என்ன வேற? ஒம்பது பதினாலவிட பெரிசா? நான் பண்ணையில வளந்தவ, கணக்கு கொஞ்சம் மட்டுதான். நீங்களே சொல்லுங்க.

— கார்டன் நிரந்தர ஆசிரியர். அவர் வகுப்ப எடுத்துட்டா அவருக்கு வேற வகுப்பு தேடிக் குடுக்கணும். ஹ்மாங் எடுக்கிற பா ஹுவா வாங் பார்ட் டைம். அவ்வளவுதான் விஷயம். இதுல மனசுக்கு வேலையே இல்ல, டேட்டா சொல்றத நாம கேக்கறோம்.

— டேட்டா சொல்லுச்சாக்கும். அதுக்கு வாய் எப்ப முளைச்சது? இந்தாங்க, பிடிங்க. நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

— போடலேன்னாலும் பரவாயில்ல. திங்கக்கிழமை புதுத் தலைவர் போட்டுடுவார்.

— போட்டுடுவா...ர். அப்ப ஆம்பளைன்னு முடிவே பண்ணிட்டீங்க.

— வாய் தவறி வந்துடுச்சு.

— சரி, வர்ற புதுத் தலைவரோட பேசிக்கோங்க. நான் போய் மீட்டிங்ல உக்கார்றேன்.

— இருங்க, இருங்க. நீங்க போனா என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும். எந்திரிச்சு நின்னு ஹ்மாங் வகுப்பப் பத்தி ஒரு பேச்சு பேசுவீங்க. இர்மா மூக்கச் சிந்துவாங்க. பிரெஞ்சுக்காரர் மேஜையத் தட்டுவார். அந்தச் சூட்டுல யாராவது பேர் குடுத்துடுவாங்க. அதெல்லாம் வேணாம். உக்காருங்க. கேட்டுக்கறேன்.

— உத்தரவாவே சொல்றீங்களா?

— உத்தரவுன்னே வச்சுக்கோங்க. உங்க அலமாரியில புத்தகமெல்லாம் அப்படியே இருக்கே? பெட்டி மட்டும் கட்டியிருக்கீங்க.

— புத்தகம் துறையோட சொத்து. எனக்குன்னு இருக்கிறது ரெண்டு காபி கப்பும் ஒரு மாதா சொரூபமும்தான்.

— அதுக்கா ஏழு பெட்டி?

— பொம்பளைங்க சாமான் கணக்கக் கேக்காதீங்க டீன். வீட்டுல இருக்கிறவங்ககிட்ட போய்க் கேட்டுப் பாருங்க, தெரியும்.

— சரி சரி. ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். நான் வந்து ஒரு வருஷம்கூட ஆகல. உங்க துறைத் தேர்தல்ல என்னமோ ஒரு வழக்கம் இருக்காமே? கார்டன் சொல்லிட்டுச் சிரிச்சார்.

— அவருக்கென்ன, சிரிப்பார். மத்த துறையிலெல்லாம் தலைவர் பதவிக்கு அடிச்சுக்குவாங்க. இங்க அதக் கண்டா தலைதெறிக்க ஓடுவாங்க. என்ன லாபம் சொல்லுங்க? ஒரு வகுப்பு குறையும். அதுக்குப் பதிலா ஊர்த் தலைவலி பூரா நம்ம வீட்டுக்கு வரும். காலையில அஞ்சு மணிக்கு யாரோ ஜுரம்னு போன் பண்ணுவாங்க, மாத்து ஆள் தேடணும். ஒருத்தன் அப்பா வந்து நிப்பார், என் பையன் வீட்டுல ஸ்பானிஷ்தான் பேசறான், ஸ்பானிஷ்ல எப்படி பெயிலாவான்னு. அதனால பெரியவங்க ஒரு விதி போட்டு வச்சாங்க. யாருமே பேர் குடுக்கலைன்னா, மீட்டிங்குக்கு வராதவங்க தலையில கட்டிடறது. வராதவங்களுக்கு மாட்டேன்னு சொல்ற உரிமையும் கிடையாது.

— ரெண்டு மூணு பேர் வரலைன்னா?

— வராதவங்கள்ல யாருன்னு ஓட்டுப் போடுவோம். எல்லாரும் வந்துட்டா சீட்டுக் குலுக்கல். அதனால எங்க துறைத் தேர்தல் மீட்டிங்குக்கு வர்ற கூட்டம் கோயில் திருவிழாவுக்குக்கூட வராது. ஜப்பான் மொழி எடுக்கிற சட்டோகோ மாவுக்கட்டுக் காலோட வந்து உக்காந்தா. பிரெஞ்சுக்காரர் இருக்காரே, சொந்தத் தங்கச்சி கல்யாணத்த விட்டுட்டு வந்தார். அங்க மோதிரம் மாத்தறாங்க, இவர் இங்க காபி ஆத்திட்டிருக்கார். தங்கச்சி இன்னும் பேசறதில்ல.

— நீங்க எப்படி மாட்டினீங்க?

— நானா? ஆறு வருஷத்துக்கு முன்னாடி, மீட்டிங் அன்னிக்குக் காலையில எங்க அண்ணன் பண்ணையில ஒரு பசு கன்னு போட முடியாமத் திணறுச்சு. முழங்கை வரைக்கும் கைய உள்ள விட்டுக் காலப் பிடிச்சு இழுத்துட்டிருக்கேன். போன் அடிக்குது. அண்ணன் என் காதுல வச்சான். ‘வாழ்த்துகள் தலைவி’ன்னாங்க. கன்னும் அந்த நிமிஷம்தான் வெளிய வந்துச்சு. என் கையில விழுந்தது கன்னா, பதவியான்னு எனக்கே தெரியல.

— ஹா! அப்ப நீங்க ஆசப்பட்டு வரல.

— ஆசப்பட்டு யார் வருவா? ஆனா வந்தப்புறம் புடிச்சுப் போச்சு. வெளிய சொல்லாதீங்க. எனக்குத் தலைவலிகூடப் புடிச்சுப் போச்சு.

— அதான் ரெண்டாவது தடவ நீங்களே பேர் குடுத்தீங்க.

— ஆமா. மூணாவது தடவையும் குடுத்திருப்பேன். ‘தொடர்ந்து ரெண்டு தடவ இருந்தவங்க மூணாவது தடவ பேர் குடுக்கக் கூடாது’ன்னு விதி கொண்டு வந்தது யாரு?

— நான்தான். புது ரத்தம் வேணும் லூசிண்டா. அது உங்க ஒருத்தருக்காகப் போட்டதில்ல.

— தெரியும், தெரியும். எல்லாத் துறைக்கும்தான் போட்டீங்க. மாட்டினது மட்டும் நான் ஒருத்தி. சரி, அது முடிஞ்ச கத.

— இன்னிக்கு... யாராவது வராம இருக்காங்களா?

— எதுக்குத் தொண்டையச் செருமறீங்க? கார்டன் வரலையாம். பல் வலியாம், டாக்டர்கிட்ட போறாராம்.

— அப்படியா? அடடா. பாவம்.

— பாவம்தான். வெள்ளிக்கிழமை எங்க ஊர்ல எந்தப் பல் டாக்டரும் கடையத் திறக்கமாட்டான். அத நெனச்சாத்தான் இன்னும் பாவமா இருக்கு.

— இந்த ரூம்ல என்ன இப்படிப் புழுங்குது?

— ஏன் டீன், காத்து வரலையா? ஏசியக் கூட்டி வைக்கவா?

— சரி. வெளிப்படையா சொல்லிடறேன். உங்களுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சு போச்சே. கார்டன் தலைமைக்கு வரணும்னு எனக்கு விருப்பம். அவருக்கும் சம்மதம். அவரா பேர் குடுத்தா ஏன், எதுக்குன்னு கேள்வி வரும். வராம இருந்துட்டா கேள்வியே இல்ல. உங்க வழக்கம், உங்க விதி. நான் ஒரு துரும்பையும் அசைக்கல.

— பதிலுக்கு ஜெர்மன் பத்திரம்.

— ஜெர்மன் பத்திரம். ஹ்மாங் போகும். போர்த்துகீசியம் இப்போதைக்கு இருக்கும்.

— இப்போதைக்கு! மாதாவே, கேட்டியா? இது நான் எடுக்கிற மொழி, எங்கப்பா தான் பொறந்த தீவுலேருந்து இங்க கொண்டு வந்த மொழி. அதுக்கும் தேதி குறிச்சிட்டார் மனுஷன்.

— அப்படிச் சொல்லல நான்...

— அக்கா, உள்ள வரலாமா?

— வா, பா ஹுவா. என்ன இது, ரெண்டு கையிலயும் தட்டு? கதவ இடுப்பால தள்ளிட்டு வர்றியே.

— அது வந்து... மீட்டிங்குக்கு எக் ரோல் சுட்டேன்க்கா. இர்மா உங்களக் கேட்டாங்க. எல்லாரும் வந்தாச்சாம், நீங்களும் கார்டனும்தான் இல்லையாம். நீங்க வரலையா?

— எனக்கா வர மனசில்ல? நீயே பாரு. எந்திரிச்சா உக்கார வைக்கிறார். இர்மாகிட்ட அப்படியே சொல்லிடு. டீன் பிடிச்சு வச்சிருக்கார்னு.

— ஆமாம் மிஸ் வாங். முக்கியமான பேச்சு. அவங்க இல்லாமலே ஆரம்பிக்கச் சொல்லுங்க.

— சரிங்க. நீங்க ஒண்ணு எடுத்துக்கோங்க டீன். சூடா இருக்கு.

— நன்றி. ம்! இது... அடேயப்பா. இன்னொண்ணு எடுத்துக்கலாமா?

— தாராளமா. அது வந்து, டீன்... டைம் டேபிள் வந்துடுச்சுங்களா? பசங்க கேட்டுட்டே இருக்காங்க. ஆம்புலன்ஸ் ஓட்டற கைல் இருக்காரே, அவர் சாயங்கால டூட்டிய மாத்தி வாங்கணுமாம். அதான்.

— அது... திங்கக்கிழமை தெரியும் மிஸ் வாங்.

— சரிங்க. அக்கா, நான் போறேன். இதக் குடுத்துட்டு நாலு மணிக்கு இன்னொரு காலேஜ்ல கிளாஸ் இருக்கு. பார்ட் டைம் ஆளுங்களுக்குத்தான் ஓட்டு இல்லையே, தட்டு தூக்கறதோட சரி.

— எந்த வழியாக் கொண்டு போற?

— நேராத்தான். வராண்டா வழியா.

— வேணாம். வண்டி நிறுத்தற இடத்தச் சுத்திக்கிட்டுப் போ.

— அது சுத்து வழியாச்சேக்கா?

— மர நிழல் இருக்கும்டி. கடைசி வரிசை ஓரமாப் போ. மெதுவாப் போ, அவசரமில்ல. அப்புறம், மேல மூடியிருக்கிற அந்தத் துணிய எடுத்துடு. மூடி வச்சா ஆவி பட்டு நமத்துப் போயிடும்.

— அவங்க சொல்றது சரிதான் மிஸ் வாங். மொறுமொறுப்புதான் இதுல விஷயமே.

— பாத்தியா, டீனே சொல்லிட்டார். போ.

— சரிக்கா.

— கதவச் சாத்திட்டுப் போ... நல்ல பொண்ணு. இங்க ஒரு காலேஜ், அறுபது மைல் தள்ளி இன்னொரு காலேஜ். மத்தியானச் சாப்பாடு கார்லதான். இந்த எக் ரோலுக்கு விடியக்காலம் எந்திரிச்சிருப்பா.

— நல்லவங்கதான். அதில்ல கேள்வி. அவங்க ஏன் உங்கள அக்காங்கறாங்க?

— அவங்க வீட்டுல வயசுல பெரியவங்கள வெறும் பேரச் சொல்லிக் கூப்பிடமாட்டாங்க. கையத் தொடச்சுக்கோங்க டீன். எண்ணெய் வழியுது. அந்தக் கையாலதானே அவ கிளாஸ வெட்டணும்?

— இது நியாயமில்ல லூசிண்டா.

— நியாயத்தப் பேசுவோமா? அந்த ஆம்புலன்ஸ் கைல் எதுக்கு ஹ்மாங் படிக்கிறான் தெரியுமா? ஒரு ஹ்மாங் வீட்டுக்குப் போனான். படுத்துக் கிடக்கிற மனுஷனுக்கு எங்க வலிக்குதுன்னு கேக்கத் தெரியல. கையக் காலக் காட்டிக் கேட்டுட்டிருந்தானாம். வெட்கமாப் போச்சுன்னு என்கிட்ட வந்து நின்னான். ஆறடி ஆளு, அழுதுட்டான். அடுத்த வாரம் சேத்துவிட்டேன். போன மாசம் ஸ்ட்ராபெரி தோட்டத்துல ஒரு அம்மா மயங்கி விழுந்தாங்க. இவன் போய்க் குனிஞ்சு அவங்க பாஷையில ‘என்ன மாத்திரை போட்டீங்க’ன்னு கேட்டிருக்கான். அந்தம்மா அந்த மயக்கத்துலயும் இவன் உச்சரிப்பக் கேட்டுச் சிரிச்சிருக்காங்க. சிரிச்சிட்டு மாத்திரை பேரச் சொன்னாங்க. அதுதானே வேணும்?

— மனசத் தொடற கத. ஆனா பதினாலு பேர்.

— இந்த வருஷம் பதினாலு. நர்ஸிங் துறையோட ஒரு வருஷமா மல்லுக்கு நின்னு சம்மதம் வாங்கியிருக்கேன். அடுத்த வருஷத்துலேருந்து அவங்க மாணவர்கள் மொழிப் பாடத்துக்கு ஹ்மாங் எடுத்தா ஏத்துக்குவாங்க. வகுப்பு நிறைஞ்சு வழியும். நடுவுல இந்த ஒரு வருஷத்தத் தாண்டினாப் போதும். ஒரே ஒரு வருஷம்.

— அப்ப அடுத்த வருஷம் திரும்ப ஆரம்பிச்சுக்கலாமே?

— நீங்க ஊருக்குப் புதுசு, அதனால மன்னிக்கிறேன். ஒரு மொழிய டைம் டேபிள்லேருந்து எடுத்துட்டா திரும்பக் கொண்டு வர்றது லேசுன்னு நெனச்சீங்களா? அந்தக் கமிட்டி, இந்தக் கமிட்டி, மேலிடம்னு ஏறி இறங்கணும். போர்த்துகீசியத்த ஒரு தடவ அப்படித்தான் ‘தற்காலிகமா’ எடுத்தாங்க. திரும்பி வர்றதுக்கு நாலு வருஷம். அதுக்குள்ள வாத்தியார் இன்சூரன்ஸ் விக்கப் போயிட்டார். பால் வத்தின மாட்ட மறுபடி கறக்க முடியாது டீன். அது மறுபடி கன்னு போடற வரைக்கும் காத்திருக்கணும்.

— எல்லாத்துக்கும் ஒரு மாட்டக் கொண்டு வந்துடறீங்க.

— பின்ன? துறையே ஒரு தொழுவம்தான். ஸ்பானிஷ் பெரிய பசு. வகுப்புக்கு நாப்பது, அம்பதுன்னு கறக்குது. அந்தப் பால்ல ஹ்மாங், ஜப்பான், போர்த்துகீசியம் எல்லாக் கன்னும் குடிக்குது. ஏன், உங்க ஒம்பது பேர் ஜெர்மனும் குடிக்குது! மொத்தத்துல பாருங்க, துறைக்கு எந்த நஷ்டமும் இல்ல. ஆறு வருஷமா இப்படித்தான் ஓட்டியிருக்கேன். ஒரு மொழியச் சாக விட்டதில்ல. நீங்க ஒவ்வொரு கன்னாத் தனியா நிறுத்தி, இது பால் தரலைன்னு சொல்றீங்க.

— நல்லாப் பேசறீங்க. உண்மையாவே. இந்தப் பேச்ச அங்க பேசியிருந்தா என் திட்டம் கவுந்திருக்கும். உங்கள இங்க உக்கார வச்சது நல்லதாப் போச்சு.

— கடைசியாக் கேக்கறேன். போகட்டுமா? இன்னும் ஓட்டெடுப்பு முடிஞ்சிருக்காது.

— வேணாம் லூசிண்டா. தோத்த ஆட்டத்துக்கு எதுக்கு இவ்வளவு ஓட்டம்? காபி குடிங்க. நானே ஊத்தித் தர்றேன்.

— மூணு தடவ எந்திரிச்சிட்டேன். இதுக்கு மேல எனக்கும் முட்டி வலிக்குது. சர்க்கரை வேணாம்.

— உங்களுக்கு என் மேல கோபமா?

— இல்லாம இருக்குமா? அந்தப் பொண்ணு உங்க முகத்தப் பாத்து டைம் டேபிள் வந்துடுச்சான்னு கேட்டப்ப நீங்க திங்கக்கிழமைன்னீங்களே, அப்ப எனக்கு அந்தத் தட்ட உங்க தலையில கவுக்கணும்னு இருந்துச்சு. எக் ரோல் வீணாப் போகுமேன்னு விட்டுட்டேன்.

— நீங்க போயிட்டா இந்த வராண்டா வெறிச்சுன்னு ஆயிடும். அத வேணா நான் ஒத்துக்கறேன்.

— ஆகட்டும், ஆகட்டும்.

— ஓய்வா இருங்க. போர்த்துகீசியத்த நிம்மதியா எடுங்க. அஞ்சு மணி போன் எல்லாம் இனிமே கார்டனுக்கு. அது... என்ன சத்தம்? கை தட்டறாங்க.

— தட்டறாங்கதான்.

— முடிஞ்சிடுச்சு போல. ரொம்ப நேரமாத் தட்டறாங்களே! கார்டனுக்கு இவ்வளவு செல்வாக்கா?

— யாருக்குத் தெரியும்? தன் தலை தப்பிச்ச சந்தோஷத்துலயும் தட்டுவாங்க.

— அக்கா! அக்கா!

— மெதுவா, மெதுவா. மூச்ச விடு. தட்டெல்லாம் எங்க?

— காலி. ஒண்ணு பாக்கியில்ல. கார்டன் ஒருத்தரே பாதியத் தின்னுட்டார்.

— யாரு? கார்டனா? அவர் மீட்டிங்ல எப்படி? அவருக்குப் பல் வலியாச்சே!

— அது வந்து டீன்... அக்கா சொன்ன மாதிரி கடைசி வரிசை ஓரமாத் தட்டக் கொண்டு போனேன். அங்க கார்டன் கார்ல சீட்டச் சாச்சுப் படுத்திருந்தார். கண்ணாடிய இறக்கிட்டு, ‘பா ஹுவா, எக் ரோலா?’ன்னார். ஆமான்னேன். ஒண்ணு குடுன்னார். இது மீட்டிங்குக்கு, எண்ணி வச்சதுன்னு நடந்துட்டே இருந்தேன். பின்னாடியே வந்துட்டார். ரூம் வாசல்ல நின்னே ஒண்ணு எடுத்துக்கறேன்னு கைய நீட்டினார். இர்மா ‘கார்டன் வந்தாச்சு’ன்னு சத்தமாச் சொல்லி வருகைப் பதிவுல பேரப் போட்டுட்டாங்க.

— முட்டாள்! ஒரு மணி நேரம் வாயக் கட்ட முடியாதா அந்த மனுஷனுக்கு?

— வாசனை வேற காத்தோட போச்சுங்களே. துணிய எடுத்துட்டேன்ல.

— மொறுமொறுப்புதான் விஷயமேன்னு நீங்களும் சொன்னீங்களே டீன். அவர் கார் காலையிலேருந்தே இந்த ஜன்னல்ல தெரியுது.

— அப்ப யாருக்கு யார் கை தட்டினாங்க? யாராவது பேர் குடுத்தாங்களா?

— யாரும் குடுக்கல. அப்புறம் இர்மா, வராதவங்க யாருன்னு பாத்தாங்க. ஒரே ஒருத்தர்தான் வரல. ஓட்டே தேவைப்படல.

— யாரு?

— அக்காதான்.

— எந்த அக்கா?

— எனக்கு இங்க எத்தன அக்கா டீன்? இந்த அக்காதான்.

— முடியாது! விதி இருக்கு! ரெண்டு தடவைக்கு மேல...

— பேர் குடுக்கக் கூடாதுன்னு விதி. நான் எங்க குடுத்தேன்? மாட்டேன்னு சொல்ற உரிமையும் எனக்கு இல்ல. வராதவங்க தலையில கட்டினா கட்டினதுதான்.

— நீங்க ஏன் மீட்டிங்குக்குப் போகல? நடக்கிற தூரம்தானே, போயிருக்கலாமே!

— மூணு தடவ எந்திரிச்சேனே டீன். உத்தரவுன்னு சொல்லி உக்கார வச்சது யாரு? இர்மாவுக்கும் சொல்லியனுப்பிச்சாச்சு, அவங்க பதிவுலயே எழுதியிருப்பாங்க. டீன் பிடிச்சு வச்சதால வர முடியலைன்னு.

— ஆமாக்கா. எழுதிட்டாங்க.

— பா ஹுவா, நீ இங்க வா. டீனுக்குக் கொஞ்சம் தண்ணி குடு. அப்புறம் அந்த டைம் டேபிள எடு, சாயங்காலம் ஆறு மணிக்கு நேரா உன் பேர எழுது. கைலுக்குப் போன் பண்ணி டூட்டிய மாத்திக்கச் சொல்லு. அழாத. எழுத்து அழிஞ்சிடும்.

— சரிக்கா. அழல.

— அழுதா என்ன, அழுதுட்டு எழுது. இதுக்கு அழாம வேற எதுக்கு அழுவ?

— சரி. தோத்தா தோத்ததுதான். நான் மோசமான ஆளு இல்ல லூசிண்டா. வாழ்த்துகள். பெட்டியப் பிரிச்சு அடுக்கவாவது உதவறேன், விடுங்க. இத எங்க... என்ன இது, கனமே இல்லையே? இதுவும்... இதுவும்! லூசிண்டா, ஏழு பெட்டியிலயும் ஒண்ணுமே இல்ல!

— போறவங்கதானே டீன், பெட்டியில சாமான் வைப்பாங்க?